புவெனஸ் ஐரிஸுக்கு இலையுதிர் காலத்தில் முதல்முறை போகிறவர்களுக்கு

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்கு எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து மே நடுப்பகுதிக்குள் போங்கள். பூமியின் தென்பாதி என்பதால் அங்கே பருவங்கள் தலைகீழ். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் கொளுத்தும் நேரத்தில் அங்கே இலை உதிர்கிறது. ஜனவரியில் புழுக்கம் ஆளை வாட்டிவிடும், ஊர்க்காரர்களே கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். ஜூலையில் ஈரக் குளிர். நவம்பரும் அழகுதான், ஜக்கராந்தா பூத்துத் தெருவெல்லாம் ஊதாவாக இருக்கும். ஆனால் புவெனஸ் ஐரிஸ் நடந்து பார்க்க வேண்டிய நகரம். நாள் முழுக்க வியர்க்காமலும் விறைக்காமலும் நடக்க ஏற்ற காலம் இலையுதிர் காலம்தான். கீழே சொல்வதெல்லாம் அப்படி நடக்கப்போகிறவர்களுக்காக.

முதலில் தேதி

மார்ச், ஏப்ரல், மே மூன்றையும் இலையுதிர் காலம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மார்ச் பாதிக்கு மேலும் கோடை விட்டுப்போகாது. பகலில் 26, 27 டிகிரி, திடீர் இடிமழை, கொசு. 2024 தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் பெரிய டெங்கு அலை வந்தபோது உச்சம் தொட்டது மார்ச், ஏப்ரலில்தான். கடைகளில் கொசு விரட்டி தீர்ந்துபோய் மக்கள் அலைந்தார்கள். அதனால் முன்னதாகப் போகிறவர்கள் கொசு விரட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். ஏப்ரலில் பகல் 22, 23 டிகிரி, இரவு 14 அளவில் இருக்கும். மே மாதத்தில் பகல் 19, இரவு 10, 11. மரங்கள் முழுசாக நிறம் மாறுவது ஏப்ரல் கடைசியிலிருந்துதான்.

வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். மார்ச் கடைசியில் மாலை 7 மணி வரை வெளிச்சம் இருக்கும். மே கடைசியில் 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும், காலையில் 7.45 வரை சூரியன் எழாது. எட்டு மணிக்கு முன்னால் வெளியே கிளம்பும் திட்டம் எதுவும் மே மாதத்தில் வேண்டாம்.

விடுமுறை நாட்களைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். மார்ச் 24, 1976இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த நாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களை நினைத்து அன்று பெருங்கூட்டம் பிளாசா தெ மாயோ சதுக்கத்தை நோக்கி ஊர்வலமாகப் போகும். ஏப்ரல் 2, 1982இல் பிரிட்டனோடு நடந்த மால்வினாஸ் தீவுப் போரின் நினைவு நாள். அந்தத் தீவுகளின் ஆங்கிலப் பெயரான ஃபாக்லாந்தை அங்கே உச்சரிக்காமல் இருப்பது நல்லது. மே 1 அன்று ஊரே மூடிக் கிடக்கும், பேருந்தும் குறைவு. மே 25, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1810இல் எழுந்த புரட்சியின் நாள். அன்று வீட்டுக்கு வீடு லோக்ரோ என்ற வெள்ளைச் சோளக் கூழ் கொதிக்கும். அதில் இறைச்சி சேரும் என்பதைச் சைவக்காரர்கள் நினைவில் வைக்கவும்.

புத்தகம் பிடிக்குமென்றால் ஏப்ரல் கடைசியில் போங்கள். நகரின் பாலெர்மோ பகுதியில் லா ரூரல் வளாகத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி அப்போது தொடங்கி மே நடுப்பகுதி வரை நடக்கும். எழுத்தாளர்களைப் பார்க்க மக்கள் வரிசையில் காத்து நிற்பதைப் பார்க்கவே போகலாம்.

அடுத்தது காகிதங்கள்

மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா கையில் உள்ள இந்தியர்களுக்கு 2025 ஆகஸ்டில் அர்ஜென்டினா விதியைத் தளர்த்தியது, தனி விசா இல்லாமலே போகலாம். மற்றவர்கள் டெல்லித் தூதரகத்திலோ மும்பைத் தூதரக அலுவலகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். புவெனஸ் ஐரிஸில் அந்தக் காய்ச்சல் ஆபத்து இல்லை. ஆனால் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் அர்ஜென்டினா இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்து இறங்கும்போது சான்றிதழ் இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்தில் ஓடாமல், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா போய், அங்கிருந்து பிரேசில் வழியாகப் போகும் விமானம்தான் வசதி. பிரேசிலில் தனி டிக்கெட்டாக மாற்றி ஏறும் திட்டம் மலிவாகத் தெரியும். பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்பட்டுவிடும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பயணக் காப்பீடும் கட்டாயம் எடுங்கள்.

பெட்டியில் என்ன

ஒரே தடித்த கோட்டை விட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடைகள் மேல். காலை 11 டிகிரியில் கிளம்பி, மதியம் அரைக்கை சட்டையில் நடந்து, இரவு மறுபடி ஜாக்கெட் போடுவீர்கள். கழுத்துத் துணி ஒன்று அவசியம். ஆற்றங்கரை நகரம் என்பதால் ஈரம் அதிகம், தெர்மாமீட்டர் காட்டுவதைவிடக் குளிர் கூடுதலாக உறைக்கும்.

செருப்பு போதாது. தண்ணீர் புகாத ஷூ வேண்டும், அதற்குக் காரணம் நடைபாதைகள். சதுரச் சதுரமாகப் பதித்த ஓடுகளில் பல ஆடிக்கொண்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால் மேலே காய்ந்திருக்கும், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஓரத்தில் கால் வைத்ததும் ஓடு சாய்ந்து சேற்றுத் தண்ணீரை முழங்கால் வரை பீய்ச்சி அடிக்கும். உள்ளூர்க்காரர்கள் மழை நாளில் கண்ணைத் தரையில் வைத்து நடப்பதைப் பார்க்கலாம். விளிம்பு உடைந்த ஓட்டையும், சுற்றிலும் கறுப்பாக ஈரக்கோடு தெரியும் ஓட்டையும் தாண்டிப் போங்கள்.

மின்சாரம் 220 வோல்ட். ஆனால் பிளக் ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோல் சாய்ந்த இரட்டைத் தகடு. அடாப்டரை ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். பழங்கள், விதைகள், பால், இறைச்சிப் பொருட்களைப் பெட்டியில் வைக்க வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

தங்கும் இடம்

முதல்முறை என்றால் ரெகோலேத்தா, அல்லது பாலெர்மோவில் 'டி' என்ற மெட்ரோ தடத்துக்குப் பக்கம். சான் தெல்மோ பழைமையும் அழகும் உள்ள பகுதி, இரவில் சில தெருக்கள் வெறிச்சோடிவிடும். அறை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சூடேற்றி வேலை செய்கிறதா, ஜன்னல் எந்தத் திசை. தென்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மே மாதத்தில் வடக்குப் பார்த்த அறையில் வெயில் விழும், தெற்குப் பார்த்த அறை நாளெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்.

ஹோட்டலில் வெளிநாட்டு அட்டையில் கட்டணம் செலுத்திப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் 21 சதவீத மதிப்புக்கூட்டு வரியைச் சேர்க்க மாட்டார்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இறங்கிய நாள்

சர்வதேச விமானங்கள் பெரும்பாலும் எஸெய்ஸா விமான நிலையத்துக்குத்தான் வரும். அது ஊருக்கு வெளியே, நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். 8ஆம் எண் பேருந்து மிக மலிவு, ஆனால் பெட்டியோடு இரண்டு மணி நேரம் ஆகும். அத்தனை நீண்ட பயணத்துக்குப் பிறகு அது வேண்டாம். உள்ளே கவுண்டரில் பணம் கட்டி எடுக்கும் டாக்சி அல்லது செயலியில் அழைக்கும் கார் போதும். வாசலில் தானாக வந்து பெட்டியைப் பிடிப்பவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லி நகருங்கள்.

பணம் பற்றிப் பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள். ஒரு காலத்தில் வங்கி விலைக்கும் தெருவில் விற்கும் டாலர் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான கட்டுப்பாடு பெரும்பாலும் நீங்கியதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஃப்ளோரிடா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவுபவர்களிடம் போக வேண்டிய தேவை இப்போது இல்லை. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும். ஏடிஎம்மில் எடுக்காதீர்கள், ஒருமுறைக்குக் கிடைப்பது சொற்பம், கட்டணமோ அதிகம். அவசரத்துக்குப் புதிய, மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டுகள் சில இருக்கட்டும். பழைய, சிறிய முகம் அச்சிட்ட நூறு டாலரை அங்கே வாங்கத் தயங்குவார்கள், வாங்கினாலும் விலை குறைப்பார்கள். இன்னொன்று: கடைகளில் விலைக்கு முன்னால் இருக்கும் டாலர் குறி உள்ளூர் நாணயமான பெசோவைத்தான் குறிக்கிறது. பயந்துவிடாதீர்கள். உணவகங்களில் ரொக்கமாகக் கொடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி தரும் இடங்கள் உண்டு, கேட்பதில் தவறில்லை.

அப்புறம் மூலைக்கடையிலோ மெட்ரோ நிலையத்திலோ சூபே அட்டை வாங்கிப் பணம் ஏற்றுங்கள். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

தெருக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அரை மணி நேரம் செலவழித்து இதைக் கற்றுக்கொண்டால் மீதி நாட்களுக்கு வரைபடத்தையே பார்க்க வேண்டியிருக்காது. நகரம் கட்டம் கட்டமாக அமைந்தது. ஒரு கட்டம் ஏறத்தாழ நூறு மீட்டர், கதவு எண்ணும் கட்டத்துக்கு நூறு வீதம் கூடும். ஒரு கடை சாந்தா ஃபே சாலையில் 1860 என்றால் தெரு தொடங்கும் இடத்திலிருந்து பத்தொன்பதாவது கட்டம். நீங்கள் 1200இல் நிற்கிறீர்களா, இன்னும் ஆறு ஏழு கட்டம், பத்து நிமிட நடை.

நகரின் நடுவே ரிவதாவியா என்ற நீண்ட சாலை ஓடுகிறது. அதைக் குறுக்கே தாண்டும் தெருக்கள் அந்தப் பக்கம் போனதும் பெயர் மாறிவிடும், எண்ணும் புதிதாகத் தொடங்கும். நேராகத்தான் நடந்தோம், தெருப் பெயர் எப்படி மாறியது என்று குழம்பினால் ரிவதாவியாவைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மெட்ரோவை அங்கே சுப்தே என்பார்கள். ஏ தடம் 1913 டிசம்பர் 1 அன்று திறந்தது, லத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது. அதன் மரப் பெட்டிகள் 2013 வரை ஓடின. பேருந்துதான் நகரை இன்னும் நன்றாகக் காட்டும். நிறுத்தத்தில் வரிசை உண்டு, வரிசையை மீறாதீர்கள். பேருந்து வருவது தெரிந்ததும் கையை நீட்டுங்கள், நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். ஏறியதும் ஓட்டுநரிடம் இறங்கும் தெருவின் பெயரைச் சொல்லுங்கள். அவர் கட்டணத்தை அமைத்ததும் அட்டையைக் கருவியில் வையுங்கள். அதற்கு முன்னால் வைத்தால் வேலை செய்யாது. 'புவென் தியா' என்று சொல்லி ஏறினால் பாதி ஓட்டுநர்கள் உங்கள் நிறுத்தம் வந்ததும் கூப்பிட்டே சொல்வார்கள்.

இனி நடக்கலாம்

முதல் நாளுக்கு அவெனிதா தெ மாயோ போதும். பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் தொடங்கி நாடாளுமன்றம் வரை ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். வியாழக்கிழமையாக இருந்தால் பிற்பகல் 3.30க்குச் சதுக்கத்தில் இருங்கள். ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி 1977இல் தாய்மார்கள் தொடங்கிய சுற்றுநடை இன்றும் நடக்கிறது. அவர்கள் தலையில் கட்டிய வெள்ளைத் துணியின் ஓவியம் தரையிலும் இருக்கும். பேசாமல் ஓரமாக நின்று பாருங்கள், அல்லது சேர்ந்து நடங்கள். இரண்டுக்கும் இடம் உண்டு. வழியில் 1858இலிருந்து இயங்கும் கஃபே தோர்த்தோனி வரும். வாசலில் நீண்ட வரிசை இருந்தால் விட்டுவிடுங்கள், அதே சாலையில் பழைய காபிக்கடைகள் வேறும் உண்டு. இன்னும் மேலே போனால் பலாசியோ பரோலோ, 1923இல் கட்டி முடித்த கட்டடம். உச்சியில் கலங்கரை விளக்கு இருக்கிறது. வழிகாட்டியோடு ஏறலாம்.

இரண்டாம் நாளை மரங்களுக்குக் கொடுங்கள். அந்த ஊரில் தெருக்களில் அதிகம் இருப்பது ஆஷ் மரம், மே மாதத்தில் அது முழுக்க மஞ்சளாகிவிடும். பாலெர்மோவின் பூங்காக்களும், 1898இல் கார்லோஸ் தாய்ஸ் அமைத்த தாவரவியல் பூங்காவும், ஜப்பானியப் பூங்காவின் சிவந்த மேப்பிள் மரங்களும் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பாலோ போர்ராச்சோ மரத்தைத் தேடிப் பாருங்கள். நம் இலவ மரத்தின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். அடிமரம் குடம்போல் நடுவில் உப்பி, பச்சைப் பட்டை முழுக்கக் கூம்பு கூம்பாக முள்ளோடு நிற்கும். மற்ற மரங்கள் இலை உதிர்க்கும் ஏப்ரலில் இது கை அகல இளஞ்சிவப்புப் பூக்களோடு நிற்கிறது. பூவின் நடுப்பகுதி வெளிர் மஞ்சள், அதில் பழுப்புக் கீற்றுகள். பின்னால் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தடியில் நிற்பதே தனிச் சந்தோஷம். 9 தெ ஹூலியோ சாலையின் ஓரங்களிலேயே நிறையப் பார்க்கலாம்.

ஞாயிறு சான் தெல்மோ சந்தைக்கு. தெஃபென்சா தெரு முழுக்கக் கடை விரித்திருக்கும். காலை பத்து, பதினொன்றுக்கே போய்விடுங்கள், பிற்பகலில் நகர இடமிருக்காது. லா போக்காவின் வண்ணத்தகர வீடுகளைப் பகலில் மட்டும், கமினீத்தோவைச் சுற்றிய சில தெருக்களுக்குள் மட்டும் பாருங்கள். ரெகோலேத்தா கல்லறைத் தோட்டத்தில், அதிபர் பெரோனின் மனைவி எவீத்தாவின் கல்லறையைத் தேடிக் கூட்டம் நிற்கும். அது துவார்த்தே குடும்பப் பெயரில் இருக்கிறது.

பலர் தவறவிடும் இடம் கோஸ்தனேரா சூர் இயற்கைக் காப்பகம். இடித்த கட்டடங்களின் இடிபாட்டைக் கொட்டி ஆற்றை நிரப்பிய நிலத்தில் தானாக முளைத்த காடு அது. இலையுதிர் காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே பம்பாஸ் புல் வெள்ளைப் பூங்கொத்தோடு நிற்கும். அனுமதி இலவசம். திங்கட்கிழமையும் மழை நாளும் மூடியிருக்கும்.

ஒரு நாள் ஊருக்கு வெளியே போகலாம். ரெத்தீரோ நிலையத்திலிருந்து மித்ரே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் தீக்ரே. அங்கிருந்து படகு ஏறினால் பரானா ஆற்றின் கழிமுகத் தீவுகள், கரையோரச் சைப்ரஸ் மரங்கள் செம்பழுப்பாகியிருக்கும். கடைசிப் படகு எப்போது என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் சான் இசித்ரோவில் இறங்கலாம். 1924இல் உடம்பு சரியில்லாமல் அந்த நாட்டில் தங்க நேர்ந்த தாகூர், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராக இருந்த ஊர் இது. ஒகாம்போவின் வீடு இன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் உருகுவேக்குப் படகில் போய்வர ஆசைப்பட்டால், அந்த நாட்டு விசாவையும் உங்கள் அர்ஜென்டினா விசா மறுபடி நுழைய விடுமா என்பதையும் முதலில் பாருங்கள்.

மழை வந்தால்

தென்கிழக்குக் காற்றோடு வரும் மழையை சுதெஸ்தாதா என்பார்கள். அது இரண்டு மூன்று நாள்கூட விடாமல் பிடிக்கும், ஆறும் ஏறும். அப்போது தீக்ரே, லா போக்கா பக்கம் போக வேண்டாம். எல் அத்தெனியோ புத்தகக் கடைக்குப் போங்கள். 1919இல் கட்டிய நாடக அரங்கு, இன்று பால்கனி வரை புத்தகம், மேடையில் காபிக்கடை. 1908இல் திறந்த கொலோன் இசையரங்கை வழிகாட்டியோடு சுற்றலாம். நுண்கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, லத்தீன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகமான மல்பாவுக்குச் செவ்வாய். தென்மேற்கிலிருந்து பம்பேரோ காற்று வீசி மேகத்தைத் துரத்தியதும் வானம் கண்ணாடிபோல் ஆகும். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

சாப்பாடு

மாட்டிறைச்சி நாடு, சைவர்கள் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். இத்தாலியக் குடியேறிகள் பீட்சாவையும், உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளான நியோக்கியையும் கொண்டுவந்துவிட்டார்கள். கொரியென்தெஸ் சாலையில் 1932இலிருந்து இருக்கும் குவெரின் போன்ற கடைகளில் நின்றபடியே சாப்பிடும் மேசை உண்டு. மொசரெல்லா பீட்சா ஒரு துண்டு, அதன்மேல் ஃபைனா ஒரு துண்டு கேளுங்கள். ஃபைனா கொண்டைக்கடலை மாவில் சுடும் தட்டையான அடை, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். வெங்காயமும் பாலாடைக்கட்டியும் நிறைந்த ஃபுகசேத்தாவும் அப்படியே. எம்பனாதா என்பது பூரணம் வைத்து மடித்த பணியாரம், அதில் சோளம் வைத்தது ஊமித்தா, கீரை வைத்தது வெர்தூரா.

கவனிக்க வேண்டியது இரண்டு. அங்கே 'கார்னே' என்றால் மாட்டிறைச்சி மட்டும்தான். அது வேண்டாம் என்றால் கோழியோ பன்றியோ வரலாம். 'சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன்' என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, மாவில் சேரும் மாட்டுக்கொழுப்பு. காலையில் சாப்பிடும் பிறை வடிவ ரொட்டியான மெதியாலூனாவில் 'மந்தேகா' என்றால் வெண்ணெய் சேர்த்தது, 'கிராசா' என்றால் கொழுப்பு சேர்த்தது. எம்பனாதாவின் மேல் மாவிலும் கொழுப்பு இருக்கலாம், கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குங்கள்.

காரம் கிடைக்காது. பெல்கிரானோவின் சீனத் தெருவில் மசாலாவும் அரிசியும் மிளகாயும் வாங்கலாம். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல்தான், பல உணவகங்கள் 8க்கு முன் திறக்காது. ஆகவே மாலை 5 மணிக்குக் காபியும் சிற்றுண்டியும் சாப்பிடும் உள்ளூர் வழக்கத்துக்கு மாறிவிடுங்கள்.

பூங்காவில் யாராவது மாத்தே என்ற இலைப் பானத்தை நீட்டினால் வாங்குங்கள். ஒரே குடுவை, ஒரே உலோகக் குழல், எல்லாரும் முறைவைத்துக் குடிப்பது. குழலை ஆட்டக் கூடாது, குடுவையை முழுக்கக் குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். போதும் என்ற பிறகுதான் 'கிராசியாஸ்', அதாவது நன்றி, சொல்ல வேண்டும். முதல் வாய்க்கே சொன்னால் அடுத்த சுற்றில் உங்களை விட்டுவிடுவார்கள்.

ஜாக்கிரதை

பெரிய நகரங்களில் உள்ள ஆபத்துகள்தான். நடைபாதை ஓரத்தில் நின்று போன் பார்க்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் பறித்துப் போவார்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் கடைக்குள் நுழையுங்கள். சட்டையில் ஏதோ கொட்டியிருக்கிறது என்று ஒருவர் துடைக்க வந்தால் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள், கூட்டாளி பக்கத்தில் இருப்பான். அவசர உதவிக்கு 911, ஆம்புலன்ஸுக்கு 107.

கிளம்பும் நாள்

மீந்த பெசோவை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இந்தியாவில் மாற்ற முடியாது. பால்கோவாவை நினைவூட்டும் துல்சே தெ லெச்சே வைத்த அல்ஃபஹோர் பிஸ்கட் பெட்டியும் அரைக்கிலோ மாத்தே இலையும் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கினால் விமான நிலையத்தைவிட மலிவு. துல்சே தெ லெச்சே ஜாடியைக் கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள், பெட்டிக்குள் வையுங்கள். எஸெய்ஸாவுக்கு மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். விமானத்துக்கு நான்கரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். தடுப்பூசிச் சான்றிதழைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் வையுங்கள்.